மூன்று யுனிற்

மாசம் ஒருக்கா வருவேன்.
என் பேர் ஒருத்தருக்கும் தெரியாது.
"கறண்ட்காரன் வந்திட்டான், நாயைப் பிடி!"
இருபாலை ஒழுங்கைகளில்
இதுதான் எனக்கு வரவேற்பு.

பிடிக்கிறார்கள், அதையும் சொல்லவேணும்.
ஒரு பெட்டை, பள்ளிச் சீருடையோடு,
தன்னைவிடப் பெரிய நாயைக்
கழுத்தோடு கட்டிக்கொண்டு நிலத்தில் இருந்துவிடுவாள்
நான் எண்ணைப் பார்த்து எழுதும்வரை.

போன தையில் ஒரு வீட்டுப் பெட்டிக்குள்
குளவி கூடு கட்டியிருந்தது.
அடுத்த மாசம் கூடு இல்லை.
மீற்றர்க் கண்ணாடியும் துடைத்திருந்தது.
ஆர் செய்தது என்று கேட்டால்
"அது கிடந்தது, எடுத்துப் போட்டம்" என்று
கதையை வெய்யிலுக்குத் திருப்பிவிட்டார்கள்.
வெய்யில் என்றதும் தண்ணி வந்தது, சோடாப் போத்தலில்.
"கொண்டு போங்கோ, போத்தல் திருப்பித் தரவேண்டாம்."

எல்லா வீடும் அப்படி இல்லை.
பில் கூடினால் நான்தான் கூட்டினேன் என்று
படலையில் வைத்தே ஏசுகிற வீடுகள் மூன்று.
அவற்றுக்கும் எண் பிழையில்லாமல் எழுதவேணும்.
என்னால் இயன்றது அதுதான்.

சொல்ல வந்தது வேறு.

குகதாசன் மாஸ்டர் வீடு மாசியிலிருந்து பூட்டு.
மனுசிக்கு மருந்து ஏற்ற
மகரகமவுக்குப் போனவர்கள்.
பங்குனியில், பூச்சியம் எழுதலாம் என்று
பேனையைத் திறந்துகொண்டு போனேன்.
பூச்சியம் இல்லை.
மூன்று.

சித்திரையிலும் மூன்று.
மீற்றர் பழுதோ, ஆரும் வயர் கொழுவுகிறார்களோ?
சந்தேகப்படுவதும் என் சம்பளத்தில் சேர்ந்ததுதான்.
வைகாசியிலும் அதே மூன்றைக் கண்டதும்
வேலை முடிந்து, பொழுதுபடுகிற நேரம்,
அந்த ஒழுங்கையால் சைக்கிளைத் திருப்பினேன்.

பக்கத்து வீட்டு நகுலாம்பிகை
புட்டுமா ஒட்டின கையோடு
மாஸ்டர் வீட்டுப் படலையைத் தோளால் தள்ளி
உள்ளே போறா.

அந்த ரெண்டு வீட்டுக்கும் எல்லை வழக்கு.
ஒன்றரை முழ நிலம், ஒன்பது வருசம்.
மதில் பாதி எழும்பி,
தடையுத்தரவோடு பாதியில் நிற்கிறது.
தவணைக்கு ஒரே பஸ்ஸில் ஏறி
ஆளுக்கொரு யன்னலைப் பார்த்துக்கொண்டு போறவர்கள்.

விறாந்தைத் தூணில் சுவிச்சு.
முழங்கையால் தட்டினா.
ஒற்றைக் குமிழ், ஒன்பது வாற்ஸ்.
வாசலில் கிடந்த பூவரசம் சருகைக்
காலால் ஒதுக்கினா, திரும்பினா,
என்னைக் கண்டா.

"இருட்டிக் கிடந்தால்
கள்ளருக்குத் தெரியுமெல்லே" என்றா, கேட்காமலே.
பிறகு, கையில் இருந்த மாவை உதிர்த்தபடி,
"வழக்கு கோட்டில நடக்கட்டும்.
நீர் அவையிட்டச் சொல்லிப்போடாதையும்."

நான் என்னத்தைச் சொல்ல?
பில் துண்டில் எத்தனை யுனிற் என்று எழுதக்
கட்டம் உண்டு.
ஆர் எரித்தது என்று எழுத
இடம் இல்லை.

ஆனியில் பதினேழு.
வாசலில் ரெண்டு சோடிச் செருப்பு.
கொடியில், தலைக்குக் கட்டுகிற துணி ஒன்று,
மடிப்புக் குலையாத புதுசு.
மாஸ்டர் கையில் ஒரு பால்மாப் பை.
அதற்குள், நான் படலையில் செருகிவிட்டுப் போன
மூன்று மாசத் துண்டும், நனையாமல், மாச வரிசையில்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு
திரும்பவும் பார்த்தார்.
"நாங்கள் இல்லாத மாசமும் மூண்டு மூண்டெண்டு கிடக்கே, தம்பி.
மீற்றர் பழுதோ?"

மீற்றர் சரி என்றேன்.

மதிலின் கட்டாத பக்கத்தைக்
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.
வேறொன்றும் கேட்கவில்லை.
துண்டுகளைப் பழையபடி பைக்குள் வைத்தார்,
வரிசை மாறாமல்.

வெளியே வந்து படலையைக் கொழுவினேன்,
அந்த ஒழுங்கையில் ஆடுகள் கூட.
அடுத்தது நகுலாம்பிகை வீடு.
நாய் ஏற்கெனவே கட்டிக் கிடந்தது.
திகதி பார்த்துக் கட்டியிருக்கிறா.